ஆலோசகரின் சொல் அமைச்சரின் உத்தரவாகுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமைச்சர், அவருடைய அரசியல் ஆலோசகர், துறைச் செயலாளர் ஆகிய மூவரையும் 'அரசு வட்டாரங்கள்' என்ற ஒரே பெயரில் செய்திகள் குறிப்பிடுவதால், எதற்கு யார் பொறுப்பு என்பது மங்கிவிடுகிறது.

நாடாளுமன்ற ஆட்சிமுறையில் முடிவெடுப்பவரும், அதற்காக அவையில் பதில் சொல்ல வேண்டியவரும் அமைச்சரே. அரசு அதிகாரியோ ஆட்சி மாறினாலும் பணியில் தொடர்பவர். பிரிட்டனில் 1854-ஆம் ஆண்டின் நார்த்கோட்–டிரெவெல்யன் அறிக்கை, சிபாரிசு நியமனங்களை ஒழித்துப் போட்டித் தேர்வைப் பரிந்துரைத்தபோது இத்தகைய நிரந்தர நிர்வாகத்துக்கே அடித்தளமிட்டது. ஒரு செலவு முறையற்றது என்றோ பணத்துக்கேற்ற பயன் தராது என்றோ துறைச் செயலாளர் கருதினால், அமைச்சரிடம் எழுத்துப்பூர்வமான உத்தரவைக் கேட்டுப் பெற்ற பின்னரே அதை நிறைவேற்றும் நடைமுறையும் அங்கு உண்டு. பணிவும் துணிவும் ஒருங்கே தேவைப்படும் இடம் அது.

ஆலோசகரின் நிலைதான் சிக்கலானது. பிரிட்டனில் அவர் அரசுச் சம்பளம் பெற்றாலும் கட்சிச் சார்போடு பேச அனுமதிக்கப்பட்டவர். அமைச்சர் விலகினால் அவரும் விலக வேண்டும். பிரதமர் அலுவலக ஆலோசகர்களில் மூவர் வரை அதிகாரிகளுக்கு உத்தரவிடலாம் என்று 1997-இல் பிரிட்டனில் வழங்கப்பட்ட அதிகாரம் 2007-இல் திரும்பப் பெறப்பட்டது சரியான முடிவு என்பது என் கருத்து. அவையில் பதில் சொல்ல வேண்டாத, தேர்வும் எழுதாத ஒருவர் கோப்புகளை நகர்த்தினால், தவறு நேரும்போது கேள்வி கேட்க ஆளிருக்காது. ஆயினும் ஆலோசகரே வேண்டாம் என்பதும் மிகை. தேர்தல் பேச்சை அதிகாரி எழுதித் தர வேண்டியிருந்தால் நடுநிலை என்னவாகும்?

பெயரை வெளியிட இயலாத செய்திகளிலும், தகவல் தந்தவர் இம்மூவரில் எவ்வகையினர் என்பதையாவது தங்கள் நாளிதழ் குறிப்பிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்