விப்பெட் என்னும் ஒல்லியான பந்தய நாய் இனத்தை வளர்ப்போருக்கும் பந்தயக் கழகத்தினருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

கொடியிடை கொண்ட தாய்க்கும் தந்தைக்கும் பிறந்த ஓர் ஈற்றில் ஒரு குட்டி மட்டும் கழுத்து தடித்து, தொடைச் சதை வடக்கயிறு முறுக்கியதுபோல் புடைத்து வளர்வதை உங்களில் சிலர் நேரில் கண்டிருப்பீர்கள். ‘புல்லி’ என்று நீங்கள் அழைக்கும் அந்தக் குட்டிக்காகவே இம்மடலை எழுதுகிறேன்.

அதன் உடல்வாகுக்கான காரணத்தை அமெரிக்காவின் தேசிய மனித மரபணுத்தொகுதி ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த எலைன் ஆஸ்ட்ராண்டரின் குழுவினர் 2007-இல் வெளியிட்டனர். தசை அளவுக்கு மீறி வளராமல் கடிவாளம் போடுவது மயோஸ்டாட்டின் என்னும் புரதம். அதன் மரபணுவில் இரண்டே டி.என்.ஏ. எழுத்துகள் விடுபட்டுப்போனதால், 375 அமினோ அமிலங்கள் கொண்ட அப்புரதம் கடைசி 63-ஐ இழந்து செயலற்றுப்போகிறது. பெற்றோர் இருவரிடமிருந்தும் இந்தப் பிறழ்வைப் பெறும் குட்டி புல்லியாகிறது. ஒருவரிடமிருந்து மட்டும் பெறுவது சற்றே கூடுதல் தசையோடு வளர்கிறது. பந்தயத்தில் முதல் தரத்தில் ஓடும் நாய்களிடையே இத்தகையவை மிகுதியாக இருப்பதையும் அதே ஆய்வு காட்டியது. விப்பெட்டுக்கு நெருங்கிய பந்தய நாய் இனமான கிரேஹவுண்டுகளில் தேடியும் இப்பிறழ்வு தென்படவில்லை.

ஆக, வேகத்தைப் பார்த்துப் பார்த்து இணைசேர்க்கும்போது, இப்பிறழ்வைச் சுமக்கும் இரண்டு நாய்களை நாம் அறியாமலே ஒன்றுசேர்த்துவிடுகிறோம். அப்படிப் பிறக்கும் ஒவ்வொரு குட்டியும் புல்லியாக இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. வேகமான குட்டிகளை விரும்பி வளர்த்த கைகளே அந்தக் குட்டியைக் குறையென்று ஒதுக்குவதும், சில இடங்களில் கொன்றுவிடுவதும் எனக்குப் பொறுக்கவில்லை. தோளிலும் தொடையிலும் அவ்வப்போது தசைப்பிடிப்பு வருவதைத் தவிர, பொதுவாக அது நலமாகவே வாழக்கூடியது.

இணைசேர்க்கும் முன் இருபாலையும் மரபணுச் சோதனைக்கு உட்படுத்துவதைக் கழகங்கள் விதியாக்க வேண்டும். முடிவை வம்சப் பதிவேட்டில் மறைக்காமல் எழுத வேண்டும். சுமக்கும் நாயைப் பிறழ்வற்ற நாயோடு சேர்த்தால் புல்லி பிறக்காது. எனவே சுமக்கும் நாய்கள் அனைத்தையும் இனப்பெருக்கத்திலிருந்து விலக்க வேண்டியதில்லை, அப்படி விலக்குவது இனத்தின் மரபு வளத்தையே சுருக்கிவிடும். இவ்வளவுக்கும் பிறகு ஒரு புல்லி பிறந்துவிட்டால், அதைப் பந்தயத்துக்கும் இனப்பெருக்கத்துக்கும் அனுப்பாமல், அன்போடு வளர்க்கும் ஒரு வீட்டில் சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்,
நாய்களை நேசிக்கும் ஓர் உயிரியல் ஆசிரியர்