கேண்டனிலிருந்து மாமாவுக்கு

கேண்டன், மிச்சிகன்

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். அத்தை, பாப்பா எல்லோரும் சுகம்தானே? "வீட்டுல வெச்சா இன்ஜினைத் தூக்கினே?" என்று போனில் கேட்டுவிட்டுச் சிரித்தீர்களே, அதற்கு விவரமாகப் பதில் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

தூக்கவில்லை மாமா, என் காரில் இன்ஜினைத் தாங்கும் மவுண்ட் ஒன்றை மாற்ற முட்டுக் கொடுத்தேன், அவ்வளவுதான். டெட்ராய்ட் பக்கம் பட்டறைக் கூலி மணிக்கு 100 டாலரைத் தாண்டிவிட்டது. அதனால் இந்தத் தெருவில் பல பேர் சனிக்கிழமையானால் கார் அடியில்தான் கிடக்கிறார்கள், பெரிய மேனேஜர்கள் உட்பட. உதிரிபாகக் கடையில் முன்பணம் கட்டினால் டார்க் ரெஞ்ச் (போல்ட்டைச் சொன்ன அளவுக்கு முறுக்கும் ரெஞ்ச்) மாதிரி டூல்களை இரவல் தருவார்கள். திருப்பிக் கொடுத்ததும் பணம் முழுசாக வந்துவிடும். நம் ஊரில் இது நடக்குமா சொல்லுங்கள்!

வண்டியின் நோய் இதுதான்: ரிவர்ஸிலிருந்து டிரைவுக்கு மாற்றினால் 'டொக்' என்று ஒரு அடி. உங்கள் பட்டறையில் நீங்கள் பழுது பார்க்கிற லாரியில் இன்ஜின் நீளவாக்கில் உட்காரும். இந்த முன்சக்கர டிரைவ் காரில் குறுக்கே உட்காருகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் முன்னும் பின்னும் சாயப் பார்க்கும். இரண்டு பக்கமும் இருக்கும் மவுண்டுகள் கனத்தைத் தாங்கும். இந்தச் சாய்வைப் பிடித்து நிறுத்துவது கீழே இருக்கும் டார்க் மவுண்ட். அதன் ரப்பர்தான் கிழிந்து கிடந்தது.

முன்பக்கத்தை ஸ்டாண்டில் நிறுத்தினேன். ஆயில் சம்புக்கு அடியில் பலகை கொடுத்து இன்னொரு ஜாக்கியை லேசாக ஏற்றினேன். சம்பு நசுங்காமலிருக்கத்தான் பலகை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போல்ட்டுதான் உயிரை வாங்கியது. பனிக்காலத்தில் ரோடெல்லாம் உப்பைக் கொட்டுகிறார்கள். டெட்ராய்ட்டுக்கு அடியிலேயே, ஆயிரம் அடிக்கும் கீழே, உப்புச் சுரங்கம் இருக்கிறதென்றால் நம்புவீர்களா? அந்த உப்பு அடிபாகத்தில் ஒட்டிக்கொண்டு போல்ட்டையெல்லாம் துருவாக்கிவிடுகிறது. முந்தின ராத்திரியே துரு எண்ணெய் அடித்து ஊறவிட்டு, ரெஞ்ச் பிடியில் குழாயைச் சொருகி நெம்பியதும் 'கிரீச்' என்று அசைந்தது. புது போல்ட்டுகளை முதலில் கையால் பிடிக்கவிட்டேன். இன்ஜின் தன் போக்கில் உட்கார்ந்த பிறகு டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்கினேன்.

புதிதாகப் போட்டது ரப்பர் இல்லை, பாலியூரிதேன். ரப்பர் மாதிரிப் பொருள்களின் கெட்டியை அளக்கும் ஷோர் கணக்கில் 75ஏ; எண் கூடக் கூட கெட்டி. "கம்பெனி ரப்பரே போதாதா?" என்பீர்கள். இது லேசில் கிழியாது, டொக் சத்தமும் போய்விட்டது, கால் வைத்தவுடன் வண்டி நழுவாமல் பாய்கிறது. ஆனால் இரண்டு பக்க மவுண்டுகளிலும் கை வைக்கவில்லை. எல்லாவற்றையும் கெட்டியாக்கினால் அதிர்வு நேரே சீட்டுக்கு ஏறும். ரேஸ் ஓட்டுகிற பையன்களுக்கு வேண்டுமானால் அது ஒத்துவரும்.

கீழே ஒன்றை மாற்றியதற்கே உங்கள் மருமகளிடம் பேச்சு வாங்குகிறேன். சிக்னலில் நிற்கும்போது காபித் தம்ளரைக் காட்டுகிறாள், மேலே வட்டம் வட்டமாக அலை. குளிர்காலையில் அந்தப் பொருள் இன்னும் விறைத்துக்கொள்கிறது. 60ஏ-க்கு இறங்கட்டுமா, இல்லை ரப்பருக்கே திரும்பட்டுமா? ஞாயிற்றுக்கிழமை பட்டறை மூடியதும் போன் பண்ணுங்கள். அவளுக்குக் கேட்காமல் பேசலாம்.

அன்பு மருமகன்