துணைக்கு மதிப்பெண் போடுவது எப்படி?

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளர்கள் டிவியில் விவாதித்தால், மறுநாள் நம் நாளிதழ்கள் 'வென்றவர் யார்?' என்றே தலைப்புப் போடுகின்றன. கட்சிக்காரர்களுக்கு அது போதும். முடிவெடுக்காத வாக்காளர் எடை போடுவது வேறொன்றை: நாளை அதிபருக்கு ஏதாவது ஆனால் இவர் தாங்குவாரா? 1988 துணை அதிபர் வேட்பாளர் விவாதத்தில், மறைந்த அதிபர் கென்னடியோடு தன்னை ஒப்பிட்ட டேன் குவேலை, எதிரணி வேட்பாளர் லாயிட் பென்ட்சன் 'நீங்கள் ஜாக் கென்னடி இல்லை' என்று மடக்கியதை இன்றும் பேசுகிறார்கள். புஷ் - குவேல் அணியோ 40 மாநிலங்களைப் பிடித்தது. ஓட்டு விழுந்தது முதல் பெயருக்கு, அதாவது அதிபர் வேட்பாளர் புஷ்ஷுக்கு.

இங்கே துணைக்கென்று நாம் ஓட்டுப் போடுவதில்லை. நாகர்கோவில் துணை மேயரைக்கூட மாமன்ற உறுப்பினர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் தலைவருக்குப் பதில் இரண்டாம் கட்டத் தலைவர் டிவியில் வந்து உட்காரும்போது கேள்வி அதேதான். தேர்தல் நேரத்தில் விவாதம் பார்த்துக் கருத்துக் கேட்க நினைக்கும் நம் மாவட்ட வாசகர் வட்டங்களுக்குச் சில விவரங்கள்.

அமெரிக்காவில் விவாதம் பார்ப்பவர் கையில் 0 முதல் 100 வரை திருகும் குமிழைக் கொடுப்பார்கள்; பேச்சுப் பிடித்தால் ஏற்ற வேண்டும், பிடிக்காவிட்டால் இறக்க வேண்டும். எல்லாருடைய மதிப்பெண்ணின் சராசரியும் ஒரு கோடாக ஓடும். தொடக்கம் 50. பேச்சாளர் மாறும்போது 50க்குத் திருப்பச் சொல்லாவிட்டால், முந்தையவர் வாங்கிய மதிப்பெண் அடுத்தவர் கணக்கில் ஏறிவிடும். காது கேட்டுக் கை திருகச் சில நொடி ஆகும். கோடு சரிந்தால், அதற்குச் சற்று முன் சொன்னதைத்தான் தேட வேண்டும். அந்தக் கோட்டை, விவாதம் பார்ப்பவர் கண்ணில் காட்டவே கூடாது. 2010 பிரிட்டன் தேர்தல் விவாதத்தின்போது, ஆய்வாளர்கள் 150 பேருக்குத் திரித்த கோட்டைத் திரையில் காட்டினார்கள். கோடு யார் பக்கம் சாய்ந்ததோ, அவரே வென்றார் என்று பலரும் சொன்னார்கள்.

குமிழ் இல்லாவிட்டால் குறையில்லை, தாள் போதும். 'யாருக்கு நிச்சயம் போடமாட்டீர்கள்?' என்று முதலில் கேளுங்கள். ஒருவரைத் தவிர எல்லாரையும் தள்ளிவிட்டவர் முடிவெடுத்தவரே, அவர் வேண்டாம். பேச்சுப் பிடித்ததா, பொறுப்பை ஒப்படைக்கலாமா என்ற இரண்டுக்கும் தனித்தனியே மதிப்பெண் வாங்குங்கள்; சிரிக்க வைத்தவர் முதலாவதில் ஏறி இரண்டாவதில் இறங்கலாம். விவாதத்துக்கு முன்னும் பின்னும் ஒரே கேள்விகள். டீ வருவதற்குள் தாளை வாங்கிவிடுங்கள்; ஒருவர் வாய் திறந்தால் மற்றவர் பேனா திரும்பிவிடும். எட்டுக் கட்டத்தில் எட்டுப் பேர் கத்தும் நிகழ்ச்சிக்கு இதெல்லாம் உதவாது, யார் குரலுக்கு மதிப்பெண் என்றே தெரியாது.

முடிவை உள்ளூர் கேபிள் சேனலில் போடுவதானால், வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரத்தைத் தவிர்க்க வேண்டும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஆவது பிரிவு தடுக்கிறது.

ஊடகக் கல்வி ஆசிரியர்கள் சிலர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.