மகனுக்கு, முருங்கனிலிருந்து

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் புது விலாசத்தை அக்காதான் தந்தாள். பனிக்காலத்தில் வீடு மாறுவது லேசான வேலையில்லை. சரி, அது உன் விஷயம். நேரத்துக்குச் சாப்பிடு.

போன ஞாயிறு சித்தப்பாவின் வான் வண்டியில் வங்காலைக்குப் பறவை பார்க்கப் போனோம். திருக்கேதீச்சரம் போகும்போது ஜன்னலால் எட்டிப் பார்ப்பாயே, மன்னார்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம், அந்த உவர்த்தரவைதான். 2008இல் சரணாலயமாக்கி, 2010இல் ராம்சார் என்கிற உலக ஈரநிலப் பட்டியலிலும் சேர்த்துவிட்டார்களாம், இலங்கையில் நாலாவதாக. 4,839 ஹெக்டேயர். எத்தனை தரம் அதைக் கடந்து போயிருப்போம், ஒருவரும் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

நீ அனுப்பின பைனாகுலரைக் கொண்டுபோனேன். பக்கத்தில் நின்ற கொழும்புக் குடும்பமும் வாங்கிப் பார்த்தது. மகன் கனடாவில் இருந்து அனுப்பினது என்றேன். அவர்கள் கேட்காமலே சொன்னேனாம், அம்மா இன்னும் பகிடி பண்ணுகிறா.

பூநாரைகள் நூற்றுக்கணக்கில் நின்றன. தலையைக் கவிழ்த்து, மேல்சொண்டு கீழே வரப் பிடித்து, சேற்றுத் தண்ணீரை வடித்துக் கூனி போன்ற சிறு உயிர்களையும் பாசியையும் தின்கின்றன. அந்தத் தீனியால்தான் இறகு சிவக்கிறதாம். தீனி சரியில்லாவிட்டால் வெளிறிப்போகும். போன மாதம் வீடியோவில் உன் முகத்தைப் பார்த்துவிட்டு அம்மா ஒன்றும் பேசவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

ஊசிவால் வாத்துகளும் நிறைய. வட ஆசியாவில் இருந்து வருகிறவை, பங்குனியோடு திரும்பிவிடும். இரண்டு பெடியன்கள் படம் எடுக்கவென்று சேற்றுக்குள் கிட்டப் போக, கூட்டம் முழுக்கக் கிளம்பிவிட்டது. எனக்குச் சரியான கோபம். தூர நின்றே பார்த்திருக்கலாம்.

நீ பொறுப்பில்லாதவன் இல்லை. அக்காவின் கலியாணத்தை யார் நடத்தியது என்று ஊருக்கே தெரியும். ஆனால் தைப்பொங்கலுக்கும் நீ கதைக்கவில்லை. நீ மறந்தாலும் மருமகள் எடுப்பாள், இந்த முறை அவளும் எடுக்கவில்லை. வேலை கூடவாக்கும்.

அரிவு வெட்டு அடுத்த கிழமை தொடங்கும். கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீர் இம்முறை பிசகவில்லை.

அம்மா உனக்கு அனுப்பவென்று செத்தல் மிளகாய் காயவைத்திருக்கிறா. மருமகளுக்காக எப்போதும் உறைப்புக் குறைத்துத்தான் தூள் இடிப்பா. இந்த முறை எப்படி இடிக்கிறது என்று கேட்கிறா. அதை மட்டுமாவது எழுது.

இப்படிக்கு,
அப்பா