மக்காச்சோள அடைக்கு எந்த மாவு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த மக்காச்சோள அடைக் குறிப்பைப் படித்தேன். மக்காச்சோளத்தில் அடை சுடலாம் என்று ஒரு பத்திரிகை எழுதியதே சந்தோஷம்தான், ஆனால் ஸ்வீட் கார்ன், கார்ன் ஃப்ளார், மேலே தூவ சீஸ் என்று போட்டிருந்தது எனக்கு ஒப்பவில்லை. கடையில் கார்ன் ஃப்ளார் கேட்டால் சூப்பைக் கெட்டியாக்கப் போடுகிற வெள்ளை ஸ்டார்ச்சைத்தான் கொடுப்பார்கள். அதில் அடை சுட்டால் ரப்பர் மாதிரி இழுக்கும், தானிய மணமே இருக்காது. நமக்கு வேண்டியது காய்ந்த மக்காச்சோள மணி, அல்லது அதை முழுசாக அரைத்த மஞ்சள் மாவு.

எங்கள் பெரம்பலூர்ப் பக்கம் கரிசல் காட்டில் புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி விதைத்து, தை வாக்கில் கதிர் ஒடிப்போம். 2018-ல் மக்காச்சோளப் பயிரைத் தின்கிற படைப்புழு வந்து வயிற்றில் அடித்த பிறகும் இந்த வெள்ளாமையை யாரும் விட்டுவிடவில்லை. விளைகிறதில் பெரும்பகுதி நாமக்கல் பக்கத்துக் கோழித் தீவனத்துக்கு லாரி ஏறுகிறது. போகட்டும், அந்தக் காசில்தான் குடும்பம் நடக்கிறது. ஆனால் விளைவிக்கிறவர்கள் வீட்டு அடுப்பில்கூட அது ஏறுவதில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

நான் செய்கிற விதம் இது. மக்காச்சோளம் இரண்டு பங்கு, புழுங்கல் அரிசி ஒரு பங்கு, கடலைப்பருப்பும் துவரம்பருப்பும் கலந்து ஒரு பங்கு. மணியின் தோல் தடிப்பானது, அரிசியோடு சேர்த்து இரண்டு மூன்று மணி நேரம் ஊறவைத்தால் ஆகாது, முதல்நாள் ராத்திரியே தனியாக ஊறப்போட வேண்டும். முழு மணியை அரைக்க மிக்ஸி திணறும், மில்லில் கொடுத்துக் குருணையாக உடைத்து வைத்துக்கொண்டால் வேலை சுலபம். வரமிளகாய், சோம்பு, பூண்டு, உப்பு சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்து, அப்புறம் முருங்கைக்கீரை தாராளமாக, பொடியாக நறுக்கிய கொத்தமல்லி, கறிவேப்பிலை, கொஞ்சம் புதினா, கடைசியாக வறுத்து ஒன்றிரண்டாக இடித்த நிலக்கடலை. கடலையை அரைக்கும்போதே போட்டுவிட்டால் மாவோடு மாவாகிவிடும், பல்லில் கடிபடாது, அந்தக் கடிதான் இந்த அடைக்கே அழகு. புளிக்கவைக்க வேண்டாம். மாவை இழுத்துப் பிடிக்கிற, கோதுமையில் இருக்கிற குளூட்டன் இதில் கிடையாது, அதனால் மெல்லிசாக இழுத்தால் பிய்ந்துவரும். உள்ளங்கை அகலத்துக்குக் கொஞ்சம் தடிமனாகத் தட்டி, நடுவில் துளை போட்டு எண்ணெய் விட்டு, மூடி, மிதமான தீயில் வேகவிட்டு, அடிப்பக்கம் நன்றாகச் சிவந்த பிறகே திருப்ப வேண்டும். மாவு மட்டும்தான் இருக்கிறதென்றால் கொதிக்கிற வெந்நீர் விட்டுப் பிசைந்து, வாழையிலையில் தட்டிப் போடுங்கள், பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் விண்டுபோகும்.

நிலக்கடலையை ருசிக்காக மட்டும் சொல்லவில்லை. மக்காச்சோளத்தில் இருக்கிற நியாசின் என்ற வைட்டமின் பெரும்பாலும் நம் உடம்பு எடுத்துக்கொள்ள முடியாத வடிவில் கிடக்கிறது. நூறு வருடத்துக்கு முன் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் மக்காச்சோளத்தையே பிரதானமாகச் சாப்பிட்ட ஏழைகளுக்கு, இந்த நியாசின் குறைவால் வருகிற பெலாக்ரா நோய் பரவியது, அது தொற்று இல்லை, சாப்பாட்டுக் குறைதான் என்று ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற மருத்துவர் காட்டினார். மெக்சிகோ மக்கள் மணியைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து ஊறவைத்த பிறகே அரைக்கிறார்கள், அதில் அந்தச் சத்து விடுபடுகிறது. நம் வீடுகளில் அந்த வழக்கம் இல்லை, ஆனால் 100 கிராம் நிலக்கடலையில் சுமார் 12 மில்லிகிராம் நியாசின் இருக்கிறது. மக்காச்சோளத்தில் குறைவாக இருக்கிற லைசின் என்ற புரதக் கூறைப் பருப்பு கொடுத்துவிடுகிறது. சீஸ் தூவித்தான் சத்து சேர்க்கவேண்டும் என்றில்லை.

தை அறுவடை நேரத்தில் நம் காட்டு மக்காச்சோளத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள், விளைவிக்கிற பெண்களிடம் கேட்டு எழுதுங்கள், எந்த மாவு என்று தெளிவாகப் போடுங்கள். கூடவே இதையும் தயவுசெய்து அச்சிடுங்கள்: விதைக்கு வாங்கி மிஞ்சிய மணியைச் சமையலுக்கு எடுக்கவே கூடாது, அதில் பூச்சி மருந்து கலந்திருக்கும், கழுவினாலும் போகாது. ஈரத்தில் கிடந்து பூஞ்சை பிடித்த மக்காச்சோளமும் நிலக்கடலையும் அப்படித்தான், பூஞ்சை உண்டாக்குகிற அஃப்ளாடாக்சின் நஞ்சு அடுப்புச் சூட்டில் முழுசாக அழிவதில்லை. கறுத்தது, பச்சை படிந்தது, கெட்ட வாடை அடிப்பது எதுவாக இருந்தாலும் கொட்டிவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பெரம்பலூர் மாவட்டம்