ஓடறதுக்கு டர்பன் வரைக்கும் போகணுமான்னு கேட்ட ஐயாவுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கங்க.

போன வாரம் வாசகர் கடிதம் பகுதியில ஒரு ஐயா காட்டமா எழுதியிருந்தாரு. ஓடறதுக்கு எதுக்கு லட்சக்கணக்குல செலவு பண்ணி வெளிநாடு போறாங்க, நம்ம ஊர்ல ரோடே இல்லையா, இதெல்லாம் காசு இருக்கறவங்க போட்டோ போடறதுக்காக பண்ற வேலைன்னு. அவருக்கு கோபம் வந்ததுக்கு காரணம் அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி நீங்க போட்ட செய்திதான்னு நினைக்கறேன், ஐரோப்பாவுல நடந்த மாரத்தான்ல நம்ம மாவட்டத்துக்காரர் பதக்கம் வென்று சாதனைன்னு பெருசா போட்டிருந்தீங்க. சார், அந்த மாதிரி ரேஸ்ல டைமுக்குள்ள முடிச்ச அத்தனை பேருக்கும் அதே மெடலைத்தாங்க கழுத்துல மாட்டி அனுப்புவாங்க. 42.195 கிலோமீட்டர் ஓடறது சும்மா இல்ல, அவர் மேல எனக்கு மரியாதை இருக்கு, ஆனா செய்தி படிச்சவங்க என்னமோ இந்தியாவுக்கு கோல்டு வாங்கிட்டு வந்த மாதிரி நினைச்சாங்க, அப்புறம் விஷயம் தெரிஞ்சவங்க சிரிச்சாங்க, சங்கடப்பட்டது ஓடின மனுஷன்.

ஐயா சொன்னதுல பாதியை நான் ஒத்துக்கறேன். டோக்கியோ, பாஸ்டன், லண்டன், பெர்லின், சிகாகோ, நியூயார்க்னு உலகத்துப் பெரிய மாரத்தான் நடக்கற ஆறு ஊர், 2025ல சிட்னியையும் சேத்தாச்சு, இதையெல்லாம் ஒண்ணு ஒண்ணா டிக் அடிக்கறதுக்குன்னே ஒரு கூட்டம் இருக்கு. 2026 லண்டன் மாரத்தானுக்கு குலுக்கல்ல மட்டும் 11 லட்சம் பேருக்கு மேல அப்ளை பண்ணினாங்க, இடம் கிடைக்காதவங்க டூர் கம்பெனிகிட்ட போனா ஹோட்டல் ரூமோட சேத்து பிப்பையும் (ஓடறவங்க சட்டையில குத்திக்கற நம்பர் அட்டை) பேக்கேஜா வித்துடுவாங்க. வெள்ளிக்கிழமை போய் இறங்கி, எக்ஸ்போவுல டீஷர்ட் வாங்கி, ஞாயித்துக்கிழமை ஓடி, திங்கக்கிழமை பிளைட் ஏறிடறாங்க, கேட்டா ஊர்ல என்ன பாத்தீங்கன்னா ஃபினிஷ் லைன் பாத்தேன்னுதான் சொல்லணும். இதை ஷாப்பிங்னு அவர் சொன்னா நான் சண்டைக்கு வரமாட்டேன்.

ஆனா எல்லா ரேஸும் அப்படி இல்லைங்க. சிலது அந்த ரோட்டை விட்டா வேற எங்கயும் நடத்தவே முடியாது, அந்த ஊர் ஜனங்களோட கதையே அந்த ரோட்டுலதான் கிடக்கும். நான் போனது தென்னாப்பிரிக்காவுல காம்ரேட்ஸ் மாரத்தானுக்கு. மாரத்தான்னு பேருதானே தவிர தூரம் அதுல ரெண்டு மடங்குக்கும் மேல. கடற்கரை ஊரான டர்பனுக்கும் மேட்டுல இருக்கற பீட்டர்மேரிட்ஸ்பர்க்குக்கும் நடுவுல, ஒரு வருஷம் கடல்ல இருந்து மேல ஏறணும், அடுத்த வருஷம் மேல இருந்து கடலுக்கு இறங்கணும், எப்படிப் பாத்தாலும் 86ல இருந்து 90 கிலோமீட்டர் வரும். பன்னெண்டு மணி நேரம் கட் ஆஃப், அதுக்குள்ள முடிச்சாகணும்.

இதை ஆரம்பிச்சவர் விக் கிளாபம்னு ஒரு ரயில் இன்ஜின் டிரைவர். முதல் உலகப் போர்ல கிழக்கு ஆப்பிரிக்காவுல கால் தேய நடந்துட்டு வந்தவரு, கூட இருந்து செத்துப்போனவங்க ஞாபகமா ஏதாவது பண்ணணும்னு அலைஞ்சு, முன்னாள் வீரர்கள் சங்கத்துல செலவுக்கு ஒரே ஒரு பவுண்டு வாங்கி, அதையும் திருப்பிக் குடுக்கணும்னு கண்டிஷன், 1921 மே 24ஆம் தேதி முதல் ரேஸை நடத்திட்டாரு. 34 பேர் கிளம்பி 16 பேர்தான் முடிச்சாங்க. ஜெயிச்ச பில் ரோவன் எடுத்துக்கிட்டது 8 மணி 59 நிமிஷம். இன்னைக்கும் அங்க 9 மணி நேரத்துக்குள்ள முடிச்சா குடுக்கற மெடலுக்கு பில் ரோவன்னுதான் பேரு. கடைசியா 11ல இருந்து 12 மணி நேரத்துக்குள்ள தட்டுத்தடுமாறி வர்றவங்களுக்கு விக் கிளாபம் மெடல், ஆரம்பிச்சவரோட பேரை கடைசியா வர்றவங்களுக்கு வெச்சிருக்காங்க பாருங்க. என்கிட்ட இருக்கறது அதுதான். கைக்குள்ள வெச்சு மூடினா தெரியாத அளவுக்கு சின்ன மெடல், போட்டோவுல எடுபடாது, உங்க பேப்பர்ல போட்டா பட்டன்னு நினைப்பாங்க.

9ல இருந்து 10 மணி நேரத்துக்கு இருக்கற மெடல் ராபர்ட் ம்ஷாலி பேர்ல. இதுதான் ஐயா கட்டாயம் தெரிஞ்சுக்கணும்னு நான் நினைக்கற விஷயம். 1935ல இந்த ரேஸை ஓடி முடிச்ச கறுப்பினத்துக்காரர் அவரு, ஆனா ரிசல்ட்ல அவர் பேர் கிடையாது, ஏன்னா அப்ப வெள்ளைக்கார ஆம்பளைங்க மட்டும்தான் அதிகாரபூர்வமா ஓடலாம். பொம்பளைங்களுக்கும் அதே கதைதான், 1923லயே பிரான்சஸ் ஹேவர்ட்னு ஒருத்தர் ஓடி முடிச்சாங்க, கணக்குல வரல. 1975ல தாங்க எல்லாருக்கும் கதவைத் திறந்தாங்க. நிறவெறி ஆட்சி அப்பவும் நடந்துக்கிட்டுதான் இருந்துச்சு, சட்டப்படி ஒரே பெஞ்சில உக்கார முடியாதவங்க ஒரே ரோட்டுல பன்னெண்டு மணி நேரம் பக்கத்துல பக்கத்துல ஓடினாங்க. 1981ல அரசாங்கம் குடியரசாகி இருபது வருஷம் ஆச்சுன்னு கொண்டாட்டத்தோட இந்த ரேஸையும் சேத்துவிட்டப்ப புரூஸ் ஃபோர்டைஸ்னு ஒரு வெள்ளைக்காரப் பையன் எதிர்ப்பு காட்டி கையில கறுப்புப் பட்டை கட்டிக்கிட்டு ஓடி ஜெயிச்சான், அப்புறம் மொத்தம் ஒன்பது தடவை ஜெயிச்சான். கறுப்பினத்துல இருந்து முதல்ல ஜெயிச்சது சாம் ஷபலாலா, 1989ல.

வெள்ளைக்காரங்களுக்கு மட்டும்னு வெச்சிருந்த அந்தக் காலத்துல இன்னொரு கூட்டமும் ரோட்டோரம் நின்னு வேடிக்கை பாத்துச்சு, அது நம்ம ஆளுங்க. 1860 நவம்பர் 16ஆம் தேதி ட்ரூரோங்கற கப்பல் மெட்ராஸ்ல இருந்து கரும்புத் தோட்டத்துக்கு கூலி ஆளுங்களை ஏத்திக்கிட்டு டர்பன் போய் சேந்துச்சு, அவங்க பேரன் பேத்திங்கதான் இன்னைக்கு டர்பன்ல கோவெண்டர், மூட்லி, பிள்ளை, நாயுடுன்னு இருக்காங்க. முக்கால்வாசிப் பேருக்கு தமிழ் பேச வராது, ஆனா காவடி எடுக்கறதை விடல. டர்பன் நெருங்கி வர்ற இடத்துல ஒரு குடும்பம் கூடாரம் போட்டு உக்காந்து கறி சுட்டுக்கிட்டு இருந்தாங்க, அங்க பிப்லயே நம்ம பேர் இருக்கும், வெளிநாட்டுக்காரங்களுக்கு நீலக்கலர் பிப் வேற, என் பேரைப் பாத்ததும் ஒரு வயசான அம்மா எந்திரிச்சு வந்து இங்கிலீஷ்லயே, நீ மெட்ராஸாம்மான்னு கேட்டாங்க. கோயம்புத்தூர்னு சொல்லி விளக்கற நிலைமையில நான் இல்ல, ஆமான்னு தலையாட்டிட்டு அவங்க குடுத்த ஆரஞ்சை வாங்கிக்கிட்டு போயிட்டேன்.

பீட்டர்மேரிட்ஸ்பர்க் எந்த ஊர்னு யோசிச்சுப் பாருங்க. 1893 ஜூன் 7ஆம் தேதி ராத்திரி காந்தியை ரயில்ல இருந்து தள்ளிவிட்டாங்களே, அந்த ஸ்டேஷன் இங்கதான் இருக்கு, ரேஸும் பெரும்பாலும் ஜூன்லதான் வருது, அங்க அது குளிர்காலம், அதனால அந்தக் குளிர்ல பிளாட்பாரத்துல உக்காந்திருந்தா எப்படி இருந்திருக்கும்னு நமக்கே தெரியும். தில்லையாடி வள்ளியம்மையை 1913ல அடைச்சு வெச்ச ஜெயிலும் இதே ஊர்தான். பதினாறு வயசுப் பொண்ணு, நோயோட வெளிய வந்து 1914 பிப்ரவரி 22ஆம் தேதி ஜோகனஸ்பர்க்ல செத்துப்போச்சு. ஸ்கூல்ல படிச்ச பேருதான், ஆனா அந்த ஊர் ரோட்டுல நிக்கறப்பதான் இதெல்லாம் நிஜமா நடந்த இடம்னு உறைக்குது. அந்த ஐயா கேட்ட "நம்ம ஊர்ல ரோடே இல்லையா"ங்கறதுக்கு இதுதாங்க என் பதில்.

நான் ஓடினது இறங்கற வருஷம். இறக்கம்தானே ஈசின்னு இங்க எல்லாரும் சொன்னாங்க, நேர்மாறுங்க. ஏறும்போது மூச்சுதான் வாங்கும், இறங்கும்போது ஒவ்வொரு அடிக்கும் தொடையோட முன்பக்க சதை நீண்டுக்கிட்டே பிரேக் போடணும், அப்பதான் அது நைஞ்சு போகும். அதுக்காகவே நாங்க கோத்தகிரிக்கு பஸ்ல ஏறிப்போய் மேட்டுப்பாளையம் வரைக்கும் ஓடி இறங்கி பழகினோம் (நல்லா விடிஞ்ச பிறகுதான் கிளம்பணும், யானை நடமாடற ரோடு). அங்கயும் முழுக்க இறக்கம்னு இல்ல, உம்லாஸ் ரோடுங்கற இடத்துல கடல் மட்டத்துல இருந்து 800 மீட்டருக்கு மேல ஏத்திவிட்டு, அப்புறம் இன்சாங்கா, போத்தாஸ் ஹில்னு ஏறி இறங்கி, ஃபீல்ட்ஸ் ஹில்ல சர்ருன்னு இறக்கிவிட்டு, தொடை செத்த பிறகு கௌவீஸ் ஹில்னு இன்னொரு ஏத்தம் வெச்சிருக்காங்க.

அங்க "பஸ்"னு ஒண்ணு உண்டு. அனுபவப்பட்ட ஒருத்தர் டைம் எழுதின கொடியைப் பிடிச்சுக்கிட்டு ஓடுவாரு, அவர் டிரைவர், பின்னாடி நூறு இருநூறு பேர். எங்க நடக்கணும் எங்க ஓடணும்னு அவர்தான் கத்துவாரு, கூட்டமே ஜூலு பாட்டு பாடிக்கிட்டு ஒரே காலடி சத்தத்துல போகும். நான் தனியா ஓடியிருந்தா நிச்சயமா கட் ஆஃப்ல மாட்டியிருப்பேன். வழியில போட்டிருக்கற டேபிள்ல உப்புப் போட்டு அவிச்ச உருளைக்கிழங்கு குடுப்பாங்க, தண்ணி பாக்கெட்ல வரும், மூலையைக் கடிச்சுக் குடிக்க வேண்டியதுதான், அதுல மட்டும் நம்மளை அடிச்சுக்க ஆளில்ல. இன்சாங்கா பக்கம் எத்தெம்பெனின்னு மாற்றுத்திறனாளி பிள்ளைங்க படிக்கற ஸ்கூல் இருக்கு, அந்தப் பிள்ளைங்க வரிசையா ரோட்டோரம் கையை நீட்டிக்கிட்டு இருப்பாங்க, டைமைப் பத்திக் கவலைப்படறவன்கூட அங்க நின்னு எல்லார் கையையும் தட்டிட்டுதான் போவான். பாதி தூரம் தாண்டினதும் ஆர்தர்ஸ் சீட்னு மண்மேட்டுல ஒரு குழி, அந்தக் காலத்து சாம்பியன் ஆர்தர் நியூட்டன் உக்கார்ற இடமாம், பூ வெச்சு குட்மார்னிங் ஆர்தர்னு சொன்னா மீதி தூரம் நல்லா போகும்னு நம்பிக்கை. நான் சாமந்தி கிடைக்காம ரோட்டோரம் இருந்த ஏதோ மஞ்சள் பூவை வெச்சேன்.

கடைசி நிமிஷத்தைப் பத்தி நிறைய பேர் கேள்விப்பட்டிருப்பீங்க. பன்னெண்டு மணி நேரம் ஆகப்போறப்ப ஒருத்தர் துப்பாக்கியோட ஃபினிஷ் லைன்ல ஓடி வர்றவங்களுக்கு முதுகைக் காட்டி நிப்பாரு, முகத்தைப் பாத்தா மனசு இளகிடும்னு. சுட்ட அடுத்த செகண்ட்ல வர்றவங்களுக்கு மெடலும் இல்ல, ரிசல்ட்ல பேரும் இல்ல. 90 கிலோமீட்டர் ஓடிட்டு ரெண்டடி பாக்கி இருக்கும். கொடுமைன்னு சிலர் சொல்றாங்க, எனக்கு அது சரின்னுதான் படுது, அந்தக் கோடு அப்படி இருக்கறதாலதான் முன்னாடி போறவன் திரும்பி வந்து விழுந்தவனைத் தூக்கிட்டுப் போறான்.

செலவு ரெண்டு லட்சத்துக்கு மேல ஆச்சுங்க, மறைக்கல. சீட்டு எடுத்த காசு. போக நினைக்கறவங்களுக்கு: 4 மணி 50 நிமிஷத்துக்குள்ள ஒரு ஃபுல் மாரத்தான் முடிச்சிருக்கணும், விசா வேணும், ஆடிஸ் அபாபா, நைரோபி வழியா சீப்பா டிக்கெட் கிடைக்குதுன்னு எடுத்தா மஞ்சள் காய்ச்சல் ஊசி சர்டிபிகேட் கேக்க வாய்ப்பு இருக்கு, ஊசி போட்டு பத்து நாள் கழிச்சுதான் அது செல்லும். காசு இல்லைன்னா வெளிநாடே வேண்டாம், லடாக்ல கர்துங் லா சேலஞ்ச் 72 கிலோமீட்டர் இருக்கு, 5,300 மீட்டருக்கு மேல இருக்கற கணவாயைத் தாண்டி ஓடணும், மூச்சு பழகறதுக்காகவே பல நாள் முன்னாடி போய் அங்க தங்கியாகணும். அப்படி தங்க வைக்கற ரேஸ்தான் எனக்குப் பிடிக்குது.

உங்ககிட்ட கேக்கறது ஒண்ணுதான் சார். அடுத்த ஜூன்ல நம்ம பக்கத்துல இருந்து யாராவது போயிட்டு வந்தா, நிருபர்கிட்ட சொல்லி எந்த மெடல், அது யார் பேர்ல இருக்கு, வழியில யாரைப் பாத்தீங்கன்னு கேக்கச் சொல்லுங்க, சாதனைங்கற வார்த்தை இல்லாமயே கால் பக்கத்துக்கு மேட்டர் தேறும். அந்த ஐயாவும் இதைப் படிச்சா, ஞாயித்துக்கிழமை காலையில நாங்க மருதமலை அடிவாரத்துலதான் ஓடுவோம், நம்ம ஊர் ரோடுதான், வந்தா பேசலாம், நடந்தே வந்தாலும் சரிங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோயம்புத்தூர்.