நாடலாமாம்

ஆசிரியருக்கு,

வணக்கம். மூடப்பட்ட தொழிற்சாலைகள் பற்றிப் போன வாரம் நீங்கள் போட்ட செய்தியின் கடைசி வரியில், பணிக்கொடை, அதாவது வேலை முடியும்போது முதலாளி தரவேண்டிய காசு, கிடைக்காதவர்கள் தொழிலாளர் வழக்குகளைக் கேட்கும் தொழில் நியாய சபையை நாடலாம் என்று ஒரு அதிகாரி சொல்லியிருந்தார். நாடலாமாம். பின்னேரம் கடற்கரைக்குப் போய் வரலாம் என்பது போல.

நான் 17 வருடம் மிக்சர் பொதி செய்த இடத்தில் நின்றவள். ஒரு திங்கட்கிழமை காலை போனால் கேற்றில் சங்கிலி. என் குடையும் ஒரு சோடிச் செருப்பும் இன்னமும் உள்ளேதான் கிடக்கின்றன. கடைசிச் சம்பளம் 42,000 ரூபா. 1983 ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டப்படி வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். மொத்தம் 357,000 ரூபா. 30 நாளுக்குள் தரவேண்டும், ஒரு வருடம் தாண்டினால் 30 வீதம் மேலதிகமாம். நல்ல வட்டிதான், முதல் கைக்கு வந்தால்.

முதலாளி வேலை வாங்கியது 22 பேரிடம். பதிவேட்டில் 14 பேர், மிச்ச எட்டுப் பேரும் நாட்கூலி. அந்த 14 எங்கே இருந்து வந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை; 15 பேராவது வேலை செய்யும் இடத்துக்குத்தான் அந்தச் சட்டம். பார்வையிட வந்த தொழில் கந்தோர் அதிகாரி கந்தோர்க் கதிரையில் இருந்து சோடா குடித்தார், கையெழுத்து வைத்தார், போனார். ஒரு பத்து அடி உள்ளே நடந்து எங்கள் தலைகளை எண்ணியிருந்தால் இன்று இந்தக் கடிதம் இல்லை.

கொடிகாமத்தில் இருந்து பஸ் ஏறித் தொழில் கந்தோருக்கு ஒன்பது தரம் அலைந்துவிட்டேன். ஐயா வெளியே, ஐயா கூட்டத்தில், ஐயா லீவு. ஒருமுறை ஒரு கடிதம் வந்தது, முழுக்கச் சிங்களம். வாசிக்கத் தெரிந்தவரைத் தேடிப் பிடித்தால், என் கடிதம் கிடைத்ததாக அதில் எழுதியிருக்கிறதாம். சேமலாப நிதிக்கென்று சம்பளத்தில் 8 வீதம் மாதாமாதம் வெட்டினார்கள்; கடைசி ஏழு மாதத்துக் காசு கட்டவே இல்லை. அதையும் யாரும் பார்க்கவில்லை.

நியாய சபைக்கு நாங்கள் வேலை போய் ஆறு மாதத்துக்குள் போகாவிட்டால் கதவு மூடிவிடும். 30 நாளில் தராத முதலாளிக்கு எந்தக் கதவு மூடியது? தொழில் ஆணையாளர் நீதவானுக்குச் சான்றிதழ் அனுப்பினால் தண்டப்பணம் மாதிரி அறவிடலாம் என்று அதே பணிக்கொடைச் சட்டம் சொல்கிறது. லண்டனில் என் மச்சானின் கம்பனி முறிந்தபோது, ஆட்குறைப்புக் காசை அரசாங்கமே முதலில் கொடுத்துவிட்டுக் கம்பனிக்குப் பின்னால் போனது. இங்கே கம்பனிக்குப் பின்னால் நான் போகிறேன், பஸ்ஸில்.

சரி, அரசாங்கம் கொடுக்கும் என்று நான் காத்திருக்கவில்லை. எங்கள் முறைப்பாட்டுக் கோவையின் இலக்கத்தையும் அடுத்த விசாரணைத் தவணையையும் தமிழில் எழுதிக் கந்தோர் வாசலில் ஒட்டச் சொல்லி நீங்கள் இரண்டு வரி எழுதினால் போதும். பஸ் காசாவது மிஞ்சும்.

போன வருடம் எங்கள் ஒழுங்கைத் தண்ணீர் பற்றி எழுதிய கடிதத்தைப் பாதியாக வெட்டிப் போட்டீர்கள். இதையும் வெட்டுங்கள், இடநெருக்கடி எனக்கும் விளங்கும். அந்த 14 ஐ மட்டும் விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
பதிவேட்டில் இருந்த 14 பேரில் ஒருத்தி,
கொடிகாமம்